கன்டெய்னர் மேல் ஓடிய படம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
சாத்தாங்காட்டு யார்டில் எடைமேடைக்கு வண்டி குறைவு.
நீல கன்டெய்னர் ஒன்றின் விலாவில்
பையன்கள் படம் போட்டார்கள்.
புரொஜெக்டர் தண்டையார்பேட்டைக் கல்யாண வீடியோக்காரருடையது,
வாடகை நானூறு, அடமானம் மன்ட்டுவின் செல்போன்.
படத்துக்கு முன்னால்
யாரோ ஒரு மணப்பெண் ஒரு நிமிடம் வெட்கப்பட்டாள்.
அவளுக்கும் விசில் அடித்தார்கள்.

பிறகு ஓர் ஊர் வந்தது.
தகரத்தின் மடிப்பில் எல்லார் முகமும் நெளிந்தது.
பஞ்சாயத்துத் தலைவருக்கு மட்டும்
அது பொருத்தமாக இருந்தது.

எனக்குக் கதை இரண்டு தவணையில் கிடைத்தது,
முதலில் சிரிப்பு, அப்புறம் அர்த்தம்.
பக்கத்தில் பிர்ஜுலால். லாஷிங் வேலை.
மூன்று வருடத் தமிழ், அதில் பாதி கெட்ட வார்த்தை.
வயிற்றைப் பிடித்துச் சிரித்து
கண்ணைத் துடைத்து, மூக்கையும் துடைத்து,
அதற்குப் பிறகுதான் சொல்லுவான்:
"பேப்பர்ல பாலம் கீது காண்டா தீதி.
ஊர்ல ஆறு இல்லே."
அதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும்.
என் கையில் ஆறிப்போன பஜ்ஜி மாதிரி அந்த ஜோக்.

பாலத்தின் பணத்தை எப்போதோ தின்றாகிவிட்டது.
மேலதிகாரி பார்க்க வருகிறார்.
மூங்கிலில் ஒரு பாலம் கட்டி
சிமென்ட் நிறத்தில் பெயின்ட் அடித்து
மாலை போட்ட பிறகுதான்
ஆறு ஞாபகம் வருகிறது அவர்களுக்கு.
ஊரே மண்வெட்டியோடு இறங்குகிறது.
தோண்டத் தோண்ட ஓர் எருமை வந்து வந்து படுக்கிறது,
அதைத் தூக்க நாலு பேர்,
நாலு பேரைத் திட்ட ஒருவர்.
ஆற்றுக்கு மாமியார் பெயரா மனைவி பெயரா என்று
தலைவர் வீட்டில் சோறு வேகவில்லை.

தண்ணீருக்கு டேங்கர் லாரி.
வழியில் பக்கத்து ஊர்ப் பெண்கள் மறித்தார்கள்.
ஒருத்தி ஹோஸைக் குடத்தில் செருகி
குடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.
யார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சரிகிற அளவுக்கு,
தனியாக.
அறுபது தலை திரும்பிப் பார்த்தது.

"இன்னா தீதி?"

எங்க அண்ணி ஜெபமணிடா.
புதுவண்ணாரப்பேட்டையில தண்ணியே வராத வருஷம்
லாரிக்காரன் கிளப்பிட்டான், இவ ஹோஸை வுடலை.
மகாராணி ஸ்டாப் வரைக்கும் ஓடுனா கூடவே.
வண்டி நின்னதும் டிரைவர் இறங்கி
ஒரு குடம் போதுமாம்மான்னு கேட்டான்.
இவ சொன்னா:
குடத்தை வீட்ல வுட்டுட்டு வந்துட்டேன்.

பிர்ஜுலால் எழுந்து நின்று அதை இந்தியில் சொன்னான்.
என்னென்ன சேர்த்தானோ தெரியாது.
முதல் வரிசை, அடுத்த வரிசை,
கடைசியில் டயர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள்,
சிரிப்பு பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு
என்னிடம் வந்து சேர்ந்தது.

அதிகாரி பாலத்தில் கால் வைத்தார்.
அப்போதுதான் செங்கேணி சாரின் வாக்கிடாக்கி அலறியது:
அந்த நீலப் பெட்டி காட்டுப்பள்ளிக்கு, பதினோரு மணிக்குள்ளே.
ரீச் ஸ்டாக்கர் வந்து அலகைப் பொருத்தி
ஊரைத் தூக்கியது.
ஆறு, எருமை, தலைவர், மாலை
எல்லாம் ஓர் ஆள் உயரம் அந்தரத்தில் ஏறி
சட்டென்று அணைந்தது.
வெளிச்சம் போய் விழுந்தது
பின்வரிசைச் சிவப்புப் பெட்டிகள் இரண்டின் மேல்.
அதிகாரி இப்போது இரண்டு மடங்கு பெரியவர், மங்கல்.
இடது கண் ஒரு பெட்டியில், வலது கண் இன்னொன்றில்,
இடைவெளி இருட்டுக்குள் மூக்கைக் காணோம்.
அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

நான் கேபினுக்கு ஓட வேண்டியதாயிற்று.
நீலப் பெட்டி டிரெய்லரில் மேடை ஏறியது.
இருபத்துநாலாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ.
சீல் நம்பர் சரிபார்த்து ரசீது கிழிக்கும்போது
ஜன்னலில் மன்ட்டு தலையை நீட்டினான்:
"எருமையைக் கழிச்சாச்சா தீதி?"

அவன் போனான். வண்டியும் போனது.
வெளியே மறுபடியும் சிரிப்பு,
இந்த முறை தகரத்தில் யாரோ கையால் அறைகிற சத்தமும்.
விழுந்துட்டானாடா, என்று கத்தினேன்.
பதில் சொல்ல
அங்கே யாருக்கும் மூச்சு மிச்சமில்லை.